கடல் நீரில் கரைந்து கிடக்கும் கரிமம்

வட பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, சூரிய ஒளி சிறிதும் எட்டாத 3,000 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு லிட்டர் நீரை மொண்டு வந்து, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், அதில் உப்பைத் தவிர வேறு ஏதும் இருக்கக்கூடும் என்ற எண்ணமே பார்ப்பவருக்கு எழாது. அத்தனை நிர்மலமான நீர் அது. ஆனால் கண்ணாடி நாரினால் செய்த நுண்ணிய வடிதாளில் அதை வடித்து, வடிந்த நீரில் அமிலம் சேர்த்துக் காற்றூதி, அதில் கலந்திருக்கும் கரியமில வாயுவை முற்றிலும் வெளியேற்றிய பிறகு எஞ்சியதை எரித்துப் பார்த்தால், அப்போதும் அரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான கரிமம் அதிலிருந்து வெளிப்படுகிறது. இந்தக் கரிமம் பாறையிலிருந்து கரைந்து வந்ததன்று. என்றோ ஒரு காலத்தில், கடலின் மேற்பரப்பில், வெயிலின் துணையால் வளர்ந்த ஏதோ ஒரு நுண்ணுயிரின் உடலாகவோ அதன் கசிவாகவோ இருந்து, பல உயிர்களின் வழியாகக் கைமாறி, உருத் தெரியாமல் சிதைந்து, கடைசியில் நீரோடு நீராக ஒன்றிவிட்ட உயிர்ப்பொருளின் மிச்சம் அது. விஞ்ஞானிகள் அதைக் கரைந்த கரிமப் பொருள் என்று அழைக்கிறார்கள்.

ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம் என்பது அற்பமே. எனினும் பூமியின் சமுத்திரங்களிலுள்ள லிட்டர்களின் எண்ணிக்கை அற்பமன்று. உலகெங்கும் கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகளை ஆதாரமாகக் கொண்டு, அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டென்னிஸ் ஹான்ஸெலும் அவருடைய சகாக்களும் 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, இவ்வாறு கரைந்துள்ள கரிமத்தின் மொத்த எடை ஏறத்தாழ 66,200 கோடி டன். இன்று வாயுமண்டலத்தில் கரியமில வாயுவாக உலவும் கரிமம் முழுவதையும் ஒரு தட்டில் வைத்தால், அதில் முக்கால் பங்குக்கு இது ஈடாகும். திமிங்கிலம் முதல் பாக்டீரியா வரையில் கடலில் இன்று உயிரோடிருக்கும் ஜீவராசிகள் யாவற்றின் உடல்களிலும் அடங்கிய கரிமத்தைச் சேர்த்துப் பார்த்தாலும், இது அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. கடலின் உயிர்ச்செல்வம் என்று நாம் போற்றுவதெல்லாம், கண்ணுக்குத் தெரியாத இந்தச் செல்வத்தின் ஓரத்தில் ஒட்டிய ஒரு துணுக்கு என்று சொன்னால் அது மிகையாகாது.

அளவைக் காட்டிலும் வியப்பளிப்பது இதன் வயது. 1969-இல் பீட்டர் வில்லியம்ஸ் என்ற கடல் ரசாயன அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும், பசிபிக் ஆழ்நீரில் கரைந்திருந்த கரிமப் பொருளைப் புற ஊதா ஒளியினால் சிதைத்து, வெளிப்பட்ட கரிமத்தின் கதிரியக்கத்தை அளந்து, அதன் சராசரி வயது சுமார் 3,400 ஆண்டுகள் என்று அறிவித்தார்கள். 1987-இல் அதே வில்லியம்ஸும் எல்லன் டிரஃபெல் அம்மையாரும், முன்னிலும் நுட்பமான கருவிகளைக் கொண்டு வட பசிபிக்கின் மையத்தில் மறுபடியும் அளந்தபோது, அந்த வயது 6,000 ஆண்டுகளை எட்டியது. எகிப்தில் பிரமிடுகள் எழுவதற்கு முன்பே உருவான பொருள், சராசரியாகப் பார்த்தால், இன்னும் அந்த நீரில் கரைந்து கிடக்கிறது. கடலின் ஆழ்நீர் உலகைச் சுற்றி வந்து மேலெழுந்து மீண்டும் அமிழ்வதற்கு ஓராயிரம் ஆண்டுகளின் கணக்கில்தான் காலம் பிடிக்கும். ஆகவே இந்தப் பொருள் அந்தப் பெருஞ்சுற்றைப் பல முறை சுற்றி வந்து, ஒவ்வொரு முறையும் பசித்த உயிர்களின் நடுவே புகுந்து, உண்ணப்படாமல் தப்பியிருக்கிறது.

உண்ணப்படாமல் தப்பியது என்பதிலேயே இந்த விஷயத்தின் மர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கரிமப் பொருள் என்பது சக்தி அடங்கிய பொருள். அதைப் பிராணவாயுவோடு சேர்த்து எரித்தால் உயிர் வாழலாம். ஆழ்கடலில் பிராணவாயுவுக்குப் பெரும்பாலும் குறைவில்லை. உண்பதற்கு ஆளில்லையோ என்றால், அந்த இருண்ட நீரிலும் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் பல்லாயிரம் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை பெரும்பாலும் பசியால் வாடுகின்றன. உணவும் உண்போரும் பிராணவாயுவும் ஒரே துளி நீரில் ஆயிரக்கணக்கான வருஷங்கள் கூடியிருந்தும் விருந்து ஏன் நடைபெறவில்லை?

இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கே ஒரு நூற்றாண்டு பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியைச் சேர்ந்த ஆகஸ்ட் பூட்டர் என்பவர், கடல் பிராணிகள் பலவும் வாயால் உண்பதைவிட நீரில் கரைந்த பொருளை உடலால் உறிஞ்சியே வாழ்கின்றன என்ற கொள்கையை முன்வைத்தார். அவர் அளந்த கரிமத்தின் அளவு உண்மையைவிடப் பன்மடங்கு மிகுதி என்பது பின்னர் தெரிந்தது. உடலியலில் 1920-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற டென்மார்க் தேசத்து ஆகஸ்ட் குரோக், 1930-களில் ஆழ்நீரைக் கவனமாக அளந்து, கரைந்த கரிமப் பொருள் மிகப் பெரிய அளவில் இருப்பது மெய்யே என்றும், ஆனால் பிராணிகள் அதனால் வாழவில்லை என்றும் காட்டினார். ஒரு பிழையான கொள்கை சரியான கேள்விக்கு வழி திறந்துவிட்டது. அதற்குப் பின்னும் அளப்பது எளிதாகிவிடவில்லை. லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும் நீரில், அரை மில்லிகிராம் கரிமத்தைத் தேடுவது, அதுவும் அளப்பவரின் மூச்சும், விரலும், கப்பலின் எண்ணெய்ப் புகையும், கருவியின் குழாய்களுமே கரிமம் நிறைந்தவையாக இருக்கும்போது தேடுவது என்றால், அந்தக் காரியத்தின் கடினத்தை ஒருவாறு ஊகிக்கலாம்.

இதற்கு உதாரணமாக ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் விஞ்ஞானம் எவ்வாறு நடக்கிறது என்பதை இதைவிட நேர்மையாகக் காட்டும் சம்பவங்கள் அரியன. 1988-இல் ஜப்பானைச் சேர்ந்த சுகிமுரா, சுஸுகி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், கடல் நீரைப் பிளாட்டினம் கலந்த வினையூக்கியின் மீது 680 டிகிரி வெப்பத்தில் எரித்து அளக்கும் முறையை வெளியிட்டு, அதுவரை எல்லோரும் நம்பியிருந்த அளவைவிடப் பெரிதும் மிகுதியான கரிமம் கடலில் இருப்பதாக அறிவித்தார்கள். அது மட்டுமன்று, நீரில் பிராணவாயு எங்கெங்கே குறைகிறதோ அங்கங்கே இந்தக் கரிமமும் அதற்கேற்பக் குறைவதாக அவர்கள் காட்டினார்கள். அது உண்மையானால், கடலின் கரிமக் கணக்குகள் யாவும் திருத்தி எழுதப்பட வேண்டியவை. உலகின் ஆராய்ச்சிசாலைகள் பரபரப்படைந்தன. 1991-இல் சியாட்டில் நகரில் இதற்கென்றே கூடிய அறிஞர்கள், ஒரே கடல் நீரைப் பல ஆராய்ச்சிசாலைகள் அளந்த முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவை ஒன்றோடொன்று சற்றும் ஒவ்வாதிருந்தன. கருவியிலிருந்தே கசியும் கரிமத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கழித்ததே குழப்பத்துக்குப் பெரிதும் காரணம் என்பது படிப்படியாகத் தெளிந்தது. 1993-இல் சுஸுகி தமது முடிவுகளைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டு அதைப் பிரசுரித்தார். தோல்வி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையாண்ட உயர்வெப்ப முறையே, பிழைகள் களையப்பட்டு, இன்று உலகமெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. இன்று ஓர் ஆராய்ச்சிசாலை தன் அளவு சரிதானா என்று பார்க்க, மயாமியில் தயாராகி எல்லோருக்கும் அனுப்பப்படும் அளவறிந்த கடல் நீரை முதலில் அளந்து பார்க்கிறது. அந்த ஒழுங்கு பிறப்பதற்கு அந்தச் சச்சரவே காரணமாயிற்று.

அளவின் கதை இப்படியிருக்க, உண்போரின் கதை இதற்குச் சற்றும் குறைந்ததன்று. கடலில் பாக்டீரியாக்கள் உண்டு என்பது பழைய செய்தி. ஆனால் அவை கணக்கில் கொள்ளத்தக்கவை என்று வெகுகாலம் யாரும் எண்ணவில்லை. ஊட்டப் பொருள் கலந்த பாசித்தட்டில் கடல் நீரைத் தெளித்து, முளைக்கும் புள்ளிகளை எண்ணுவதே வழக்கமாக இருந்தது. அந்தத் தட்டில், இருப்பவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூட முளைப்பதில்லை. 1977-இல் ஹாபி என்பவரும் அவருடைய தோழர்களும், நீரிலுள்ள செல்களுக்கு ஒளிரும் சாயமேற்றி, வழவழப்பான மெல்லிய வடிதாளில் அவற்றைப் படியவைத்து, நுண்நோக்கியின் கீழே நேரடியாக எண்ணும் முறையைச் செப்பனிட்டுத் தந்த பிறகுதான் உண்மை முழுவதும் வெளிப்பட்டது: மேற்பரப்பு நீரில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும், அதாவது ஒரு தேக்கரண்டியின் ஐந்தில் ஒரு பங்கில், பத்து லட்சம் பாக்டீரியாக்கள் அளவில் வாழ்கின்றன. அதற்கு முன்பே, 1974-இல், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் பொமராய், கடலின் உணவுச் சங்கிலியைப் பற்றிய பாடப்புத்தகச் சித்திரம் மாற வேண்டும் என்று துணிந்து எழுதியிருந்தார். 1983-இல், லாகூரில் பிறந்து கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தில் பணியாற்றிய ஃபரூக் அஸாம், பல தேசத்து அறிஞர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரை, அந்தப் புதிய சித்திரத்துக்கு ஒரு வடிவத்தைத் தந்தது. நுண்ணுயிர் வளையம் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

பழைய சித்திரத்தின்படி, நீரில் மிதக்கும் நுண்தாவரத்தைச் சிறு கூனிப் பிராணிகள் தின்னும். அவற்றைச் சிறு மீன் தின்னும். அதைப் பெரிய மீன் தின்னும். இது பொய்யன்று, பாதி உண்மை. கடலின் தாவரங்கள் ஒவ்வோர் ஆண்டும் வெயிலைக் கொண்டு சுமார் 5,000 கோடி டன் கரிமத்தைத் தம் உடலாக்குகின்றன. அதில் ஏறக்குறைய பாதி, எந்த மீனின் வாய்க்கும் போகாமல், நீரில் கரைந்து பாக்டீரியாக்களிடம் சேர்கிறது. உயிரோடிருக்கும்போதே அத்தாவரங்கள் சர்க்கரைகளைக் கசியவிடுகின்றன. அவற்றைக் கடித்துத் தின்னும் பிராணிகள் சிந்திச் சிதறித் தின்கின்றன. வைரஸ்கள் அவற்றின் உள்ளே புகுந்து பெருகி வெடிக்கச் செய்கின்றன. இவ்விதம் நீரில் கொட்டிய பொருளைப் பாக்டீரியா உண்கிறது; பாக்டீரியாவைக் கசையிழை கொண்ட ஒற்றைச் செல் ஜந்துக்கள் உண்கின்றன; அவற்றை அவற்றினும் பெரியவை உண்கின்றன; இப்படியாகச் சிந்தியதில் ஒரு சிறு பகுதி மறுபடியும் மீன்களின் வழிக்கு வந்து சேர்கிறது. பெரும்பகுதியோ, பாக்டீரியாக்களின் சுவாசத்திலேயே கரியமில வாயுவாகிப் போய்விடுகிறது.

பாக்டீரியா உண்ணும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். விடையின் ஒரு நுனி அங்கேதான் இருக்கிறது. அதற்கு வாயில்லை. அதன் மேலுறையிலுள்ள நுண்துளைகளின் வழியாக, சுமார் 600 ஹைட்ரஜன் அணுக்களின் எடைக்கு உட்பட்ட சிறு மூலக்கூறுகள் மட்டுமே நுழையக்கூடும். அதற்கு மேற்பட்ட எதையும் முதலில் உறைக்கு வெளியே வைத்தே துண்டாட வேண்டும். துண்டாடும் என்சைம்களை அது தன் சொந்தச் செலவில் தயாரித்து வெளியே நிறுத்த வேண்டும். வெட்டுண்ட துணுக்குகள் நீரோடு விலகிப்போவதற்குள் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். ஒவ்வொரு வகைப் பிணைப்பை வெட்ட ஒவ்வொரு என்சைம், ஒவ்வொரு வகைத் துணுக்கை உள்ளே கொண்டுசெல்ல ஒவ்வொரு புரதம். ஆகவே எதை உண்பது, எதை விடுவது என்பது இந்தச் சிற்றுயிருக்கு வரவு செலவுக் கணக்காகிவிடுகிறது.

இந்தக் கணக்கில் கைதேர்ந்த ஓர் உயிரை ஆரெகான் மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஜியோவன்னோனி உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1990-இல் அவரும் அவர் குழுவினரும், சர்காஸோ கடலின் நீரிலிருந்து நேரடியாக மரபுப்பொருளைப் பிரித்தெடுத்துப் படித்தபோது, எந்த ஆராய்ச்சிசாலையும் வளர்த்தறியாத ஒரு புதிய இனத்தின் சுவடு அதில் தென்பட்டது. அதை வளர்த்துக் காண்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. ஊட்டம் நிறைந்த தட்டில் அது வளரவே வளராது என்பதை உணர்ந்த ராப்பே என்பவரும் மற்றவர்களும், கிருமி நீக்கிய கடல் நீரையே உணவாகக் கொண்டு, ஒவ்வொரு சிறு குழியிலும் ஒரு சில செல்களே விழும்படி நீர்க்கச் செய்து, பொறுமையாகக் காத்திருந்து, 2002-இல் வெற்றி கண்டார்கள். பெலாஜிபாக்டர் யுபிக் என்று அதற்குப் பெயரிடப்பட்டது. அரை மைக்ரான், ஒரு மைக்ரான் நீளமே உள்ள, பிறைபோல் வளைந்த செல் அது. மரபெழுத்துக்கள் 13 லட்சம்தான். தனித்து வாழும் உயிர்களில் அவ்வளவு சிக்கனமான மரபுச்சுவடியை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. அதில் வீணான பக்கங்களே இல்லை என்று சொல்லலாம். உணவை மிகுதியாகக் கொடுத்தாலும் அது வேகமாகப் பெருகுவதில்லை. எளிய, சிறிய மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாகச் சேகரித்து, ஒன்றிரண்டு நாட்களுக்கு ஒரு முறை பிளவுபட்டு, வறுமையையே தன் வாழ்க்கை முறையாக்கிக் கொண்டிருக்கிறது. இன்று கடலின் மேற்பரப்பிலுள்ள பாக்டீரியா செல்களில் நான்கில் ஒன்று இந்த வம்சத்தைச் சேர்ந்தது. பூமியில் எண்ணிக்கையால் மிகுந்த உயிரினங்களைப் பட்டியலிடும்போது இதனை முதல் வரிசையில் வைக்க வேண்டும். ஆனால் நம்மில் எத்தனை பேர் இதன் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

வைரஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1989-இல் நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்நோக்கியால் எண்ணிய பிறகு, கடல் நீரில் ஒரு மில்லிலிட்டருக்குக் கோடிக் கணக்கில் வைரஸ் துகள்கள் இருப்பது விளங்கியது. நாள்தோறும் கடலின் நுண்ணுயிர்களில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றால் வெடித்து மடிவதாக மதிப்பிடுகிறார்கள். மடிந்த செல்லின் சாறு மறுபடியும் நீரில் கரைந்து, எஞ்சிய பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. எனவே கரிமம் மீன்களை நோக்கி மேலேறாமல் பாக்டீரியாவுக்கும் நீருக்கும் இடையிலேயே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு யாராலும் உண்ண முடியாத வடிவத்தை அடைகிறது.

அப்படியானால் உண்ண முடியாத பொருளை ஆக்கித் தருவோரும் உண்போரேதானா? இதை மிக எளிமையான பரிசோதனையால் காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஷி ஒகாவா. 2001-இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், செயற்கைக் கடல் நீரில் குளுக்கோஸ், குளுட்டமிக் அமிலம் ஆகிய எளிய உணவுகளைத் தனித்தனியே கரைத்து, இயற்கையான கடல் பாக்டீரியாக்களைச் சிறிது சேர்த்து, இருளில் வைத்தார்கள். அந்த நீரில் வேறு கரிமம் எதுவும் கிடையாது. இரண்டு நாட்களுக்குள் கொடுத்த உணவு தீர்ந்துவிட்டது. ஆனால் நீரில் கரைந்த கரிமம் தீர்ந்துவிடவில்லை. பாக்டீரியாக்கள் தாமே புதிதாக வெளியிட்ட ஏதோ ஒரு பொருள், ஓராண்டுக்கு மேலும், அதே பாக்டீரியாக்களின் நடுவே, தீண்டப்படாமல் எஞ்சி நின்றது. அதைப் பகுத்துப் பார்த்தபோது, சர்க்கரை, அமினோ அமிலம் என்று அடையாளம் காட்டக்கூடிய பகுதி 10 முதல் 15 சதவீதமே. மற்றதெல்லாம் பெயர் தெரியாத பொருள். ஆழ்கடல் நீரில் கரைந்திருப்பதும் இதே குணமுடையதுதான். சர்க்கரைத் தண்ணீரில் தொடங்கி ஆழ்கடலின் சாயலில் முடிந்த அந்தக் குடுவைகளைப் போல் என் மனத்தைக் கவர்ந்த பரிசோதனைகள் மிகச் சிலவே. சீனாவில் ஷியாமென் பல்கலைக்கழகத்தின் நியான்ஷி ஜியாவோவும் பிற தேசத்து அறிஞர்களும் 2010-இல் இந்த நிகழ்ச்சிக்கு நுண்ணுயிர்க் கரிமப் பம்பு என்று பெயர் சூட்டினார்கள்.

இனி, அந்தப் பெயர் தெரியாத பொருளை ஏன் யாரும் உண்பதில்லை என்பதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. அதன் வடிவமே ஜீரணத்துக்கு அடங்காதது என்பது முதல் விடை. வலிமை மிக்க காந்தப் புலத்தில் மூலக்கூறுகளைச் சுழலவிட்டு எடை காணும் கருவிகளால், ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரத்துத் தார்ஸ்டன் டிட்மார் போன்றோர் இந்தப் பொருளை ஆராய்ந்தபோது, ஒரே நீர் மாதிரியில் ஆயிரக்கணக்கான வெவ்வேறு மூலக்கூற்று வாய்பாடுகள் வெளிப்பட்டன. ஒரே வாய்பாட்டில் பல அமைப்புகள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், மூலக்கூறு வகைகள் லட்சக்கணக்கில் இருக்கலாம். வளையங்கள் பின்னி, அமிலத் தொகுதிகள் ஒட்டிய, எந்த என்சைமின் பிடிக்கும் எளிதில் அகப்படாத சிறு மூலக்கூறுகள் அவற்றில் மிகுதி.

இரண்டாவது விடை அதன் வடிவத்தைக் குறை கூறுவதில்லை; ஒவ்வொரு வகையும் நீரில் அளவுக்கு மீறிச் சிதறிக் கிடப்பதே காரணம் என்கிறது. அரை மில்லிகிராமை லட்சம் வகைகளாகப் பங்கிட்டால், ஒரு வகைக்கு என்ன கிடைக்கும்? ஊருக்கு ஒரு நெல்மணி வீதம் பொறுக்கிச் சேர்க்கப் புறப்பட்டவன், நடந்த களைப்பைத் தீர்க்கும் கஞ்சியைக்கூட அந்த நெல்லிலிருந்து பெற மாட்டான். பாக்டீரியாவின் நிலையும் அதுவே. ஒரு வகை மூலக்கூறுக்கென்று என்சைமும் புரதமும் செய்யும் செலவை அந்த மூலக்கூறு ஈடு செய்யாவிட்டால், அதை விட்டுவிடுவதே விவேகம். உணவின் செறிவு ஓர் எல்லைக்குக் கீழே போனால் கடல் பாக்டீரியாக்கள் வளர்வதை நிறுத்திவிடுகின்றன என்பதை, அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிலையத்தைச் சேர்ந்த ஹோல்கர் யானாஷ் 1967-இலேயே காட்டியிருந்தார். 2015-இல் அரியெட்டா என்ற ஸ்பானிய ஆராய்ச்சியாளரும் மற்றவர்களும், அட்லாண்டிக்கின் ஆழ்நீரில் கரைந்திருந்த பொருளையே பிரித்துச் செறிவாக்கி, அதே நீரின் பாக்டீரியாக்களுக்குத் திருப்பிக் கொடுத்தபோது, அவை அதை உண்டு பெருகின. ஆயினும் வழக்கு அத்தோடு தீர்ந்துவிடவில்லை. கரைந்த பொருளில் பெரிய மூலக்கூறுகள் இளையனவாகவும் சிறியன மிக முதியனவாகவும் இருக்கின்றன என்று கதிரியக்க அளவுகள் காட்டுகின்றன; நீர்த்துப்போனது ஒன்றே காரணமானால் இந்த வேற்றுமைக்கு இடமில்லை. என் மட்டில், இரண்டு விடைகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்றே தோன்றுகிறது. ஜீரணிக்கக் கடினமானதும் அரிதானதும் ஒரே பொருளாக இருக்கத் தடையில்லை. கடினமான ஒன்றை வெட்டக் கற்றுக்கொள்வது, அது தாராளமாகக் கிடைக்கும்போதுதான் ஓர் உயிருக்குப் பயன் தரும்.

யானாஷின் பெயரைச் சொன்ன பிறகு, அவரோடு என்றும் சேர்த்து நினைக்கப்படும் ஒரு சிற்றுண்டியைச் சொல்லாமல் விட இயலாது. 1968 அக்டோபரில், ஆல்வின் என்னும் ஆராய்ச்சி நீர்மூழ்கியைக் கப்பலிலிருந்து இறக்கும்போது கம்பிவடம் அறுந்து, அது 1,500 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் மூழ்கிப்போயிற்று. உள்ளிருந்த மூவரும் தப்பிவிட்டார்கள். அவர்களுடைய மதிய உணவு உள்ளேயே தங்கிவிட்டது. ஏறக்குறைய பத்து மாதங்களுக்குப் பிறகு ஆல்வினை மேலே தூக்கியபோது, மெழுகுத்தாளில் சுற்றிய இறைச்சி வைத்த ரொட்டியும், ஆப்பிள் பழங்களும், குடுவையில் இருந்த சூப்பும் கடல் நீரில் ஊறியிருந்தனவே தவிரக் கெட்டுப்போகவில்லை. அதே உணவை மேலே கொண்டு வந்து, ஆழ்கடலின் குளிருக்குச் சமமான குளிர்பெட்டியில் வைத்தபோது சில வாரங்களில் கெட்டுவிட்டது. இந்தத் தற்செயலான பரிசோதனையைக் கண்ட யானாஷ், சர்க்கரை, மாவு முதலியவற்றைக் குப்பிகளில் அடைத்துக் கடலடியிலேயே பல மாதங்கள் வைத்துப் பார்த்தார். அதே குளிரில் ஆராய்ச்சிசாலையில் நடப்பதைவிடப் பத்து முதல் நூறு மடங்கு மெதுவாகவே அங்கே சிதைவு நடந்தது. ரொட்டி கரைந்த பொருளன்று என்பது மெய்தான். ஆனால் நமக்குப் பழக்கமான வேகங்களைக் கொண்டு ஆழ்கடலின் காலத்தை மதிப்பிடக் கூடாது என்பதற்கு அதுவே போதிய சான்று.

தப்பிய பொருளுக்கும் முடிவு உண்டு. ஆழ்நீர் மேலெழுந்து வெயிலைக் காணும்போது, புற ஊதாக் கதிர்கள் அதன் முதிய மூலக்கூறுகளை உடைத்து, பாக்டீரியா உண்ணத்தக்க சிறு துண்டுகளாக்குகின்றன. கடலடி வெந்நீர் ஊற்றுகளின் வழியாகச் செல்லும் நீரிலும் அவை அழிகின்றன. சில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கூழ்போல் திரண்டு, துகளாகி, கீழே படிகின்றன. அலை பின்வாங்கிய பிறகு மணலில் சற்று நேரம் நிலைத்திருக்கும் நுரையில், நீரின் மேற்பரப்பை நாடும் இத்தகைய கரிமப் பொருளுக்கும் பங்குண்டு.

இவ்வளவும் ஆராய்ச்சியாளரின் வினோதமாக மட்டும் நின்றுவிடும் விஷயமன்று. இந்த இருப்பில் அடைபட்டிருக்கும் வரையில் அந்தக் கரிமம் காற்றில் இல்லை. நிலத்தில் கொட்டும் ரசாயன உரத்தைக் குறைத்தால், கரையோரக் கடலில் பாக்டீரியாக்கள் இந்த இருப்பைப் பெருக்கக்கூடும் என்று ஜியாவோவின் குழுவினர் எழுதியிருக்கிறார்கள். உரத்தை அளவறிந்து இடுவது எவ்வகையிலும் நல்லதே. ஆனால் இந்தக் கிடங்கை வேண்டுமென்றே நிரப்பப் பெரும் முயற்சிகளில் இறங்குவதைப் பற்றி யாராவது பேசும்போது, எனக்கு அச்சம் உண்டாகிறது. அதன் பூட்டு எப்படிப்பட்டது என்பதிலேயே இன்னும் கருத்து ஒற்றுமை ஏற்படாதிருக்க, நீர் வெதும்பினாலும் ஆழ்நீரின் ஓட்டம் தளர்ந்தாலும் அந்தப் பூட்டு இறுகுமா திறக்குமா என்று உறுதி கூற எவராலும் முடியாது. அந்த 66,200 கோடி டன்னில் நூற்றில் ஒரு பங்கு ஒரே ஆண்டில் கரியமில வாயுவாக மாறுமானால், 1990-ஆம் ஆண்டையொட்டி உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து ஒரு வருஷத்தில் மனிதர் வெளியேற்றிய கரிமத்துக்கு அது ஏறக்குறைய சமமாகும். அவ்வளவு விரைவில் அது நிகழும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆழ்நீரின் ஒரு லிட்டரில் அந்த நூற்றில் ஒரு பங்கு என்பது ஒரு மில்லிகிராமின் இருநூறில் ஒரு பாகத்தைக்கூட எட்டாது. இன்று உலகின் தலைசிறந்த ஆராய்ச்சிசாலைகள் அளக்கும் அளவுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதே அதைவிட அதிகம். ஆகையினால்தான் அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் இந்து சமுத்திரத்திலும் குறிப்பிட்ட பாதைகளில், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஆராய்ச்சிக் கப்பல்கள் அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்று, அதே ஆழங்களில் நீரை மொண்டு, அளவறிந்த அந்த மயாமி நீரோடு ஒப்பிட்டு, கரைந்த கரிமத்தை மறுபடியும் மறுபடியும் அளந்து வருகின்றன.